டர்போ பெட்ரோல் கார்: கம்ப்ரஷன் டெஸ்டில் மூன்றாம் சிலிண்டர் மட்டும் குறைவு, இன்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

அவிநாசிரோடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று உதவி தேவைப்படுவதால் எழுதுகிறேன்.

என்னுடையது 1.4 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ பெட்ரோல் கார். நான் இரண்டாவது ஓனர். 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்று மாதமாகக் காலையில் ஸ்டார்ட் செய்தால் ஐட்லிங் ஆடுகிறது, லேசாக மிஸ்ஸிங். ஐந்து நிமிடத்தில் முக்கால்வாசி சரியாகிவிடும். மேட்டில் பிக்கப் முன்பு போல் இல்லை. ப்ளக் நான்கையும் மாற்றினேன், காயில்களை இடம் மாற்றிப் பார்த்தேன், பிரச்சினை மூன்றாம் சிலிண்டரை விட்டு நகரவில்லை. நீலப் புகை கிடையாது. கூலண்ட் குறையவில்லை. ஆயில் 5,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் குறைகிறது.

நேற்று ஒரு பட்டறையில் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்தார்கள், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்தார்கள். அளவுகள் பிஎஸ்ஐ என்ற அழுத்த அலகில்:

1 – 140
2 – 138
3 – 104
4 – 141

"மூணாவது போச்சு, மத்த மூணும் 140தான் இருக்கு, அதுவும் பத்தாது. இன்ஜினை முழுசா பிரிக்கணும், கூடவே டர்போவையும் மாத்திடுங்க, டர்போ வீக்கானதாலதான் கம்ப்ரஷன் இறங்கியிருக்கு" என்றார் மெக்கானிக். சொன்ன தொகை 1,80,000 ரூபாய். இரவு தூக்கம் வரவில்லை. இந்த எண்களை எப்படிப் புரிந்துகொள்வது?

---

லேத்துப்பட்டறை எழுதியது:

தம்பி, முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். டர்போவுக்கும் இந்த எண்களுக்கும் சம்பந்தமே இல்லை. கம்ப்ரஷன் பார்க்கும்போது இன்ஜின் ஓடுவதில்லை, செல்ஃப் மோட்டார்தான் அதைச் சுற்றுகிறது. நிமிடத்துக்கு 200, 250 சுற்று, அவ்வளவுதான். டர்போவின் டர்பைனைச் சுழற்றிக் கூடுதல் காற்றைத் திணிக்கும் அளவுக்குப் புகையும் இல்லை, வெப்பமும் இல்லை. சிலிண்டருக்குள் போவது நாம் மூச்சு விடுகிற சாதாரணக் காற்று. டர்போவைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு அளந்தாலும் இதே எண்தான் வரும். டர்போவை மாற்றச் சொன்னதற்கு வேறு காரணம் இருந்தால் அதைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள்: ஷாஃப்டில் ஆட்டம், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில் தேங்கிய ஆயில், இப்படி ஏதாவது.

அடுத்து, டெஸ்ட் எடுத்த விதம். நான் கேட்பதற்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லுங்கள். இன்ஜின் சூடாக இருந்ததா? நான்கு ப்ளக்கையும் கழற்றிவிட்டு எடுத்தார்களா, ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார்களா? ஆக்சிலரேட்டரை யாராவது முழுக்க மிதித்திருந்தார்களா? பேட்டரி எப்படி இருந்தது? ஒவ்வொரு சிலிண்டருக்கும் எத்தனை அடி, அதாவது பிஸ்டன் எத்தனை தடவை அழுத்தும்வரை செல்ஃப் அடித்தார்கள்?

---

அவிநாசிரோடு எழுதியது:

அண்ணா, கார் இரவு முழுக்க அங்கேயே நின்றிருந்தது, காலையில் எடுத்தார்கள். அதனால் ஆறிய இன்ஜின். ப்ளக்கை ஒவ்வொன்றாகத்தான் கழற்றினார்கள். உள்ளே யாரும் உட்காரவில்லை, ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார்கள். நான்காவது சிலிண்டர் வரும்போது செல்ஃப் கொஞ்சம் இழுத்த மாதிரி இருந்தது. எத்தனை அடி என்று எண்ணவில்லை.

---

லேத்துப்பட்டறை எழுதியது:

அப்படியானால் அந்த 140ஐ மறந்துவிடுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்காவிட்டால், காற்று உள்ளே போகும் வழியில் கதவு போல இருக்கும் த்ராட்டில் மூடியே இருக்கும். காற்று போதுமான அளவு உள்ளே போகாது. காற்றே போகாத சிலிண்டர் எதை அழுத்தும்? மற்ற ப்ளக்குகள் மாட்டியே இருந்தால் செல்ஃப் மோட்டார் அந்த மூன்று சிலிண்டரின் அழுத்தத்தையும் சேர்த்துச் சுமக்கும், இன்ஜின் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றினால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் இடைவெளி வழியாகக் காற்று கசிய அதிக நேரம் கிடைக்கும். இதெல்லாம் சேர்ந்து எல்லா எண்களையும் கீழே இழுத்துவிடும்.

ஆனால் 104க்கும் 141க்கும் உள்ள இடைவெளியை மறக்க வேண்டாம். அது பெரியதில் 26 சதவீதம். தவறான முறை எல்லா சிலிண்டரையும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் குறைக்கும். ஒன்று மட்டும் விலகி நின்றால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி எடுங்கள். இன்ஜின் ஓடிச் சூடாகட்டும், ஃபேன் ஒருமுறை வந்து போகட்டும். பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டருக்கும் பொறி கொடுக்கும் காயிலுக்கும் போகும் ஃப்யூஸை எடுங்கள். நான்கு ப்ளக்கையும் கழற்றுங்கள். உங்கள் காரில் கேபிள் த்ராட்டில் இருக்காது, எலக்ட்ரானிக்தான். அதனால் ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை முழுக்க மிதித்தபடி சாவி போட வேண்டும். த்ராட்டில் நிஜமாகவே திறக்கிறதா என்று குழாயைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள், சில கார்களில் செல்ஃப் அடிக்கும்போது திறக்காது. பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டிவிடுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஆறு அடி, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். முள் ஒவ்வொரு அடிக்கும் எங்கே நிற்கிறது என்பதைக் கைபேசியில் வீடியோ எடுங்கள்.

---

ஜோகூர்_ஸ்பானர் எழுதியது:

ஜோகூரிலிருந்து வணக்கம். 140 குறைவு என்று அந்த மெக்கானிக் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை. டர்போ இல்லாத கார்களில் 180, 190 பார்த்துப் பழகிய கண்ணுக்கு டர்போ இன்ஜினின் எண் பெரும்பாலும் நோஞ்சானாகத்தான் தெரியும்.

நான் அதிகம் கை வைத்தது டொயோட்டா சுப்ராவில் வரும் 2ஜேஇசட் இன்ஜின். டர்போ இல்லாத ஜிஇ ரகத்தின் கம்ப்ரஷன் விகிதம், அதாவது உள்ளே வந்த காற்று எத்தனையில் ஒரு பங்காகச் சுருக்கப்படுகிறது என்பது, 10:1. அதே மூன்று லிட்டர், டர்போ உள்ள ஜிடிஇ ரகத்துக்கு 8.5:1 மட்டுமே. டர்போவின் பூஸ்ட் அழுத்தம் வரும்போது நாக்கிங், அதாவது கலவை கட்டுப்பாடில்லாமல் தானாகப் பற்றித் தட்டுவது, வராமல் இருக்க வேண்டுமென்று வேண்டுமென்றே குறைத்துச் செய்தது அது. ஜிடிஇக்கு டொயோட்டாவின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவு 156 பிஎஸ்ஐ. 128 வரை தாங்கலாம். சிலிண்டருக்கு சிலிண்டர் 14க்கு மேல் வித்தியாசம் கூடாது. அதாவது ஆறும் 135 காட்டும் ஜிடிஇ நல்ல இன்ஜின். ஐந்து 160ம் ஒன்று 135ம் காட்டினால் அது சந்தேகப்பட வேண்டிய இன்ஜின், அந்த ஒன்றும் 128க்கு மேலே இருந்தாலும் கூட.

உங்கள் காருக்கான எண்ணை அந்தக் காரின் சர்வீஸ் புத்தகத்தில்தான் பார்க்க வேண்டும். இப்போது வரும் டர்போ இன்ஜின்களில் பத்துக்கு மேலும் விகிதம் இருக்கிறது, அதனால் பழைய டர்போ எண்களை அப்படியே பொருத்திப் பார்க்கவும் முடியாது.

---

மலைப்பாதை43 எழுதியது:

இழையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், என் கதையும் இதுதான். ஊட்டியில் இருக்கிறேன். போன மாதம் ஒரு பழைய டர்போ பெட்ரோல் கார் பார்த்தேன். கம்ப்ரஷன் 131, 130, 128, 132. புத்தகத்தில் 170 என்று இருக்கிறது. இன்ஜின் தேய்ந்துவிட்டது என்று வேண்டாம் சொல்லிவிட்டேன்.

---

லேத்துப்பட்டறை எழுதியது:

அடடா, நல்ல காரை விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல் என்றால் உங்கள் ஊரில் ஏறத்தாழ 77தான். உள்ளே போகும் காற்றே முக்கால் பங்கு என்றால் வெளியே காட்டும் அழுத்தமும் அப்படித்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 170 பிஎஸ்ஐயுடன் வெளிக் காற்றழுத்தம் 14.7ஐக் கூட்டினால் 184.7. அதை 0.76ஆல் பெருக்கினால் 140. அதிலிருந்து ஊட்டியின் காற்றழுத்தம் 11.2ஐக் கழித்தால் 129. உங்கள் நான்கு எண்ணும் அதை ஒட்டித்தான் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று வித்தியாசமும் 4தான். சுருதி சுத்தமான இன்ஜின் அது. கோவையில் இறக்கி எடுத்திருந்தால் 160ஐத் தாண்டியிருக்கும்.

---

மலைப்பாதை43 எழுதியது:

இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அந்தக் கார் இன்னும் இருக்கிறதா என்று நாளை காலையே விசாரிக்கிறேன். நன்றி சார்.

---

அவிநாசிரோடு எழுதியது:

வேறு ஒரு பட்டறையில், நீங்கள் சொன்ன முறைப்படியே, பக்கத்தில் நின்று எடுத்தேன். சூடான இன்ஜின், ப்ளக் எல்லாம் வெளியே, பெடல் முழுக்க, ஆறு அடி.

1 – 172
2 – 169
3 – 132
4 – 173

வீடியோவில் பார்த்தது: முதல் சிலிண்டரில் முதல் அடிக்கே 100, அடுத்தது 140, பிறகு 158, 167, 171, 172. மூன்றாவதில் 70, 100, 118, 127, 131, 132.

அப்புறம் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி ஆயில் ஊற்றி மூன்றாவதை மறுபடி எடுத்தோம். 137 வந்தது. ஐந்து ஏறியதால் ரிங்தான் என்கிறார் இந்த மெக்கானிக். சரியா?

---

காற்றளவு எழுதியது:

ஆயில் ஊற்றி எடுக்கும் டெஸ்டைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் இதை நம்பி நான் ஒரு இன்ஜினைத் தேவையில்லாமல் பிரித்திருக்கிறேன்.

உங்கள் இன்ஜின் 1.4 லிட்டர், ஒரு சிலிண்டருக்கு 350 சிசி. விகிதம் 9.8:1 என்று வைத்துக்கொண்டால் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிஞ்சும் இடம் 350ஐ 8.8ஆல் வகுத்தால் வருவது, சுமார் 40 சிசி. அதில் 5 மில்லி ஆயில் உட்கார்ந்தால் 35 சிசிதான் பாக்கி. ஒன்றும் அடைபடாமலேயே விகிதம் 11க்குப் போய்விடுகிறது. ஆக, எந்த நல்ல சிலிண்டரிலும் ஆயில் ஊற்றினால் எண் ஏறத்தான் செய்யும். அந்த ஏற்றத்தை ரிங் கசிவுக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பக்கத்து நல்ல சிலிண்டரிலும் அதே 5 மில்லி ஊற்றி அது எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்த பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

டர்போ காரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விகிதத்தைக் குறைப்பதற்காகப் பல டர்போ பிஸ்டன்களின் தலையில் கிண்ணம் போலக் குழி இருக்கும். ஊற்றிய ஆயில் அந்தக் குழியிலேயே தேங்கிவிடும், ஓரத்தில் இருக்கும் ரிங்குக்குப் போய்ச் சேராது. ரிங் நிஜமாகவே உடைந்திருந்தாலும் எண் ஏறாமல் இருக்கலாம். ஊற்றிய பிறகு ப்ளக் துளையைத் துணியால் மூடி, ஓரிரு சுற்று சுற்றவிட்டு, அப்புறம் எடுத்தால் ஓரளவு பரவாயில்லை.

முதல் அடியில் குறைந்து போகப்போக ஏறினால் ரிங், ஏறாமலே நின்றால் காற்றும் புகையும் போய்வரும் வழியை மூடித் திறக்கும் வால்வு என்று ஒரு பழைய விதி சொல்வார்கள். உங்கள் 70, 100, 118 வரிசை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இதை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று சொல்வேன்: பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் தகட்டை, முதலில் சந்தேகப்பட்டிருப்பேன். இரண்டும் நான்கும் நன்றாக இருப்பதால் அந்த வாய்ப்பு குறைவு.

---

தூத்துக்குடி_டீசல் எழுதியது:

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் டீசல் காரில் ஆயில் ஊற்றி டெஸ்ட் எடுக்க வேண்டாம். டீசலில் பிஸ்டனுக்கு மேலே இடம் மிகவும் குறைவு, ஆயில் அமுங்காது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அந்தச் சூட்டில் ஆயிலே பற்றிக்கொள்ளவும் செய்யும். டீசலுக்கு அளவுக் கருவியும் வேறு, 400 பிஎஸ்ஐ சர்வசாதாரணம். பெட்ரோல் கேஜை மாட்டினால் கேஜ் போய்விடும்.

---

அவிநாசிரோடு எழுதியது:

முதல் சிலிண்டரிலும் 5 மில்லி ஊற்றி எடுத்தோம். 172லிருந்து 181. அதாவது நல்ல சிலிண்டர் ஒன்பது ஏறுகிறது, கெட்டது ஐந்துதான் ஏறுகிறது! அந்த மெக்கானிக்கும் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

---

ரீமேப்ரவி எழுதியது:

டர்போ காரில் ஒரே சிலிண்டர் இறங்கினால் எனக்கு முதலில் தோன்றுவது பிஸ்டனில் ரிங் உட்காரும் வரம்பு உடைவதுதான். குறைந்த ஆர்பிஎம்மில் பெரிய கியரில் முழு பெடல் கொடுத்தால், ப்ளக் பொறி வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ இன்ஜின்களில் இது பெரிய தலைவலியாக இருந்ததால்தான் ஆயில் தரத்தையே மாற்றினார்கள். 2018ல் ஏபிஐ எஸ்என் ப்ளஸ், 2020ல் எஸ்பி. கால்சியம் அதிகமுள்ள ஆயில் இந்த முன்பற்றலைத் தூண்டுகிறது என்று கண்டுபிடித்து, அதைக் குறைத்து மெக்னீசியம் சேர்த்தார்கள். டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் ஆயில் டப்பாவில் எஸ்பி என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள், விலை வித்தியாசம் பெரிதாக இல்லை.

ஆனால் வரம்பு உடைந்திருந்தால் ஆயில் மூடியைத் திறந்தவுடன் இன்ஜின் பஃப் பஃப் என்று ஊதும், ஆயில் இதைவிட வேகமாகக் குறையும். உங்களுடையதில் அப்படித் தெரியவில்லை.

---

லேத்துப்பட்டறை எழுதியது:

இனி யூகம் வேண்டாம் தம்பி, லீக் டவுன் டெஸ்ட் எடுங்கள். கம்ப்ரஷன் டெஸ்ட் காற்று போகிறது என்று சொல்லும், எந்த வழியாகப் போகிறது என்று இதுதான் சொல்லும். மூன்றாம் பிஸ்டனை அழுத்த அடியின் உச்சிக்குக் கொண்டுவந்து, அதன் வால்வுகள் எல்லாம் மூடியிருக்கும் நிலையில், ப்ளக் துளை வழியாக 100 பிஎஸ்ஐ காற்றைக் கொடுத்து, எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது. இன்ஜினைக் கையால் சுற்றும் கிராங்க் போல்ட்டில் ரேட்செட் கைப்பிடியை மாட்டியபடி காற்றைத் திறக்கக் கூடாது. பிஸ்டன் உச்சியிலிருந்து துளி நகர்ந்திருந்தாலும் காற்று அதைத் தள்ளிவிடும், கைப்பிடி சுற்றி வந்து மணிக்கட்டை உடைக்கும். நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

காது வைக்க வேண்டிய இடங்கள்: த்ராட்டில் வாயில் சத்தம் வந்தால் இன்டேக் வால்வு. ஆயில் மூடியில் வந்தால் ரிங். கூலண்ட் டேங்கில் குமிழி வந்தால் கேஸ்கெட். எக்ஸாஸ்ட் பக்கம் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. டர்போ காரில் சைலென்சர் முனையில் காது வைத்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுந்துவிடாதீர்கள். நடுவில் டர்பைன், கேட்டலிஸ்ட், மஃப்ளர் எல்லாம் சத்தத்தை விழுங்கிவிடும். டர்போவை ஒட்டி இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் கேளுங்கள். அதேபோல இன்டேக் பக்கமும் இன்டர்கூலர் குழாயைக் கழற்றிவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

---

அவிநாசிரோடு எழுதியது:

லீக் டவுன் முடிந்தது. 1ல் 7 சதவீதம், 2ல் 8, 4ல் 7. மூன்றாவதில் 34.

சைலென்சர் முனையில் எதுவும் கேட்கவில்லை. ஆயில் மூடியில் நான்குக்கும் ஒரே மாதிரி லேசான சத்தம்தான். ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றியதும் மூன்றாவதுக்கு மட்டும் சைக்கிள் ட்யூபில் காற்று இறங்குவது போல உஸ்ஸென்று தெளிவாகக் கேட்டது. கேமரா விட்டுப் பார்த்தோம். எக்ஸாஸ்ட் வால்வு ஒன்றின் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் நகக்கண் அளவுக்கு வெளிறிப்போய் இருக்கிறது. சிலிண்டர் சுவரில் கீறல் இல்லை, தயாரிக்கும்போது போட்ட குறுக்குமறுக்குக் கோடுகள் இன்னும் தெரிகின்றன.

---

காற்றளவு எழுதியது:

எரிந்த எக்ஸாஸ்ட் வால்வு. ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும். கீழ்ப் பாகத்தைத் தொட வேண்டாம்.

ஆனால் வால்வை மாற்றி மூடிவிடாதீர்கள். நான்கில் ஒன்று மட்டும் ஏன் எரிந்தது? மூன்றாவது இன்ஜெக்டர் அடைத்திருந்தால் அந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் குறைவாகப் போகும், பூஸ்டில் சூடு ஏறும். ஆக்சிஜன் சென்சார் நான்கின் புகையையும் மொத்தமாகத்தான் முகர்கிறது. ஒன்று காய்ந்திருந்தால், அதாவது பெட்ரோல் குறைவாகக் கிடைத்தால், இன்ஜினின் கம்ப்யூட்டரான இசிஎம் நான்குக்கும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து சராசரியைச் சரிக்கட்டிவிடும். மூன்று சிலிண்டர் கொஞ்சம் அதிகமாகக் குடிக்கும், ஒன்று காய்ந்தே கிடக்கும், எச்சரிக்கை விளக்கும் எரியாது. இன்ஜெக்டர் நான்கையும் கழற்றி மெஷினில் போட்டு அளக்கச் சொல்லுங்கள். வால்வின் தண்டு நகரும் குழாயான வால்வு கைடையும் பாருங்கள்.

---

அவிநாசிரோடு எழுதியது:

பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

ஹெட் இறக்கி லேத்துக்குப் போனது. மூன்றாம் சிலிண்டரில் ஒரு எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு கேமராவில் தெரிந்ததைவிட மோசம், ஒரு ஓரம் மெலிந்து கத்தி மாதிரி ஆகியிருந்தது. எக்ஸாஸ்ட் வால்வு எட்டையும் மாற்றினேன், வால்வு உட்காரும் சீட்டைச் சீவி, கசியாதபடி தேய்த்துப் பொருத்தும் லேப்பிங் செய்தார்கள், ஆயில் சீல் புதிது, ஹெட்டின் தளம் பார்த்தார்கள், வளைவு இல்லை. புதிய கேஸ்கெட், புதிய ஹெட் போல்ட்டுகள். இன்ஜெக்டர் மெஷினில் மூன்றாவது மற்றவற்றைவிட 14 சதவீதம் குறைவாகத் தெளித்தது. கழுவிய பிறகும் 6 சதவீதம் குறைந்ததால் அதை மட்டும் புதிதாகப் போட்டுவிட்டேன். டர்போவைக் கழற்றி ஷாஃப்டை ஆட்டிப் பார்த்தோம், நன்றாக இருக்கிறது, அதையே மாட்டினோம். எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய்.

600 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நேற்று மாலை அதே கேஜில், அதே முறையில் எடுத்தது:

1 – 174
2 – 172
3 – 171
4 – 175

காலை ஐட்லிங்கில் ஆட்டம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவை உட்காரவைத்து வால்பாறை போகலாம் என்றிருக்கிறேன்.

---

மலைப்பாதை43 எழுதியது:

மகிழ்ச்சி. என் பங்குக்கு ஒரு செய்தி: அந்தக் கார் விற்காமல்தான் இருந்தது. மேட்டுப்பாளையத்தில் இறக்கி மறுபடி எடுக்கச் சொன்னேன். 163, 162, 160, 164. வெள்ளிக்கிழமை பணம் கட்டிவிட்டேன்.